டாலிவர் கவுண்டிக்கு நானூறு தலை

பூமி உருண்டையானது என்ற கருத்து டாலிவர் கவுண்டியில் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்கக் குடியரசின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், இவ்வளவு நேர்மையான தட்டை வேறெங்கும் கிடையாது. இறைவன் இஸ்திரி போட்டுவிட்டுப் பெட்டியை எடுக்க மறந்த இடம் இது. ஜூலை மாதத்தில் வந்து நின்றால் பெட்டி இன்னும் மேலேயே இருப்பது தெரியும். வடக்கே கோதுமை, தெற்கே முட்டைப் பண்ணை, கிழக்கே பெல்மர் கவுண்டி, மேற்கே காற்று. நடுவில் ஓநாய் ஓடை. அதில் ஓநாயும் இல்லை, ஓடுவதும் இல்லை.

இவ்வளவையும் எழுதி, மேலே 'புவியியல்' என்று தலைப்புப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து முடித்தபோது டார்லீன் கொபெக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தோரு வருடமாக அரசாங்கக் கடிதம் மட்டுமே எழுதிய கை, முதன்முதலாகப் புத்தகம் எழுதுகிறது. கவுண்டி பிறந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அந்த விழாவில் 'டாலிவர் கவுண்டி: நிலம், வரலாறு, மக்கள்' என்ற நூல் வெளியிடப்பட வேண்டும் என்று ஆணையர் மன்றம் தீர்மானம் போட்டிருந்தது. யார் எழுதுவது என்ற கேள்வி எழவே இல்லை. டாலிவர் கவுண்டியில் எதை யார் செய்வது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்.

டார்லீன் கவுண்டியின் செயலர். அவளேதான் நிலப் பதிவாளர், தேர்தல் அதிகாரி, சொத்து மதிப்பீட்டாளர், குடியிருப்பு அதிகாரி. ஐந்து பதவிக்கும் ஐந்து மேசை, ஐந்து முத்திரை, ஒரே ஒரு நாற்காலி. நல்லவேளையாக அதற்குச் சக்கரம் இருந்தது. செயலர் பதிவாளருக்குக் கடிதம் எழுத நேர்ந்தால் அவள் எழுதி, முத்திரை குத்தி, காலால் ஓர் உந்து உந்தி அடுத்த மேசைக்குப் போய், உறையைக் கிழித்துப் படிப்பாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் எழுதுவாள். ஒருமுறைகூடப் பதில் தாமதமானதில்லை. இப்படியொரு ஒழுங்கு வேறு எந்த அரசாங்கத்தில் உண்டு?

இரண்டாம் இயலான 'வரலாறு' மன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தது. மன்றம் என்றால் மூன்று பேர். தலைவர் வெர்ஜில் ஸ்ட்ராம்குவிஸ்ட். எழுபத்தொரு வயது, தொள்ளாயிரம் மாடு. அடுத்தவர் லோவெல் ஹாக், கோதுமைக்காரர். மூன்றாமவர் ட்வெய்ன் ப்ரூஷா. பத்தொன்பது வருடமாக மன்றத்தில் அவர் பேசிய ஒரே சொல் 'வழிமொழிகிறேன்' என்பதுதான். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் போட்டியின்றி வந்துகொண்டிருந்தார்.

டார்லீன் எழுந்து நின்று வாசித்தாள்.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறுக்கு முன் இந்த மண்ணில் யாரும் இருக்கவில்லை. அந்த 'யாருமில்லாதவர்களிடமிருந்து' நிலத்தை எழுதி வாங்க மூன்று ஒப்பந்தங்களும் ஒரு குதிரைப்படையும் தேவைப்பட்டன. கவுண்டிக்குத் தம் பெயரைத் தந்த கர்னல் டாலிவர், இதன் வழியாக இரயிலில் உறங்கியபடியே சென்றார். முதல் தலைநகர் ஈடன். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈடன் மக்கள் பிரார்த்தனையில் கண்ணை மூடியிருந்த வேளையில், நம் பிராஸ்பர் நகரப் பெரியோர்கள் பதினான்கு பேர் கவுண்டி அலுவலகத்துக்கு அடியில் சக்கரம் கொடுத்து, எருது பூட்டி, ஆறு மைல் இழுத்து வந்தார்கள். உள்ளே கோப்பு எழுதிக்கொண்டிருந்த செயலருக்கு, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான் ஊர் மாறிய விஷயம் தெரிந்தது."

வெர்ஜில் தொண்டையைச் செருமினார். "'இழுத்து வந்தார்கள்'னு போடாத டார்லீன். படிக்கறவனுக்குத் திருட்டு மாதிரி தோணும்."

"திருட்டுதானே வெர்ஜில்?"

"முன்னாடி நின்னு எருது ஓட்டினது யாரு? எங்க தாத்தா. அதனால அது 'இடமாற்றம்'."

"'பாதுகாப்பான இடமாற்றம்'னு போடு," என்றார் லோவெல். "கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"வழிமொழிகிறேன்," என்றார் ட்வெய்ன்.

வரலாறு இப்படித்தான் ஏகமனதாக நிறைவேறியது.

மூன்றாம் இயல் 'மக்கள்'. பெருமைப்பட இதில்தான் விஷயம் அதிகம். கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் டாலிவர் கவுண்டியின் எல்லைக்குள் ஒருவர்கூட இறந்ததில்லை. உலகில் வேறெந்த நாகரிகமும் எட்டாத சாதனை. (இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள். அன்றுமுதல் சாகவேண்டியவர்கள் ஐம்பத்தெட்டு மைல் போய்ப் பெல்மரில் சாகிறார்கள். அதே காரணத்தால் இங்கே யாரும் பிறப்பதும் இல்லை. ஆனால் அதைப் புத்தகத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.) ஏற்றுமதியிலும் கவுண்டி முன்னணியில் இருந்தது. ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும், பழுதின்றி, வெளியூருக்கு அனுப்பப்பட்டார்கள். டார்லீனின் மகன் ட்ராவிஸ் அப்படிப் போனவன்தான். டென்வரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் என்னவோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் அவள் 'ரொம்ப நல்லது' என்றாள்.

இந்த இயலை அவள் பாதி எழுதிக்கொண்டிருந்த ஜனவரி மாதத்தில்தான் மாநிலத் தலைநகரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வரும் ஏப்ரல் முதல் தேதி நாடெங்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. புதுச் சட்டப்படி, அந்தக் கணக்கில் நானூறு தலைக்குக் குறைவாக உள்ள கவுண்டி எதுவானாலும் பக்கத்துக் கவுண்டியோடு 'அன்புடன் இணைக்கப்படும்'.

டார்லீன் வீடு வீடாக மனத்துக்குள் நடந்து எண்ணிப் பார்த்தாள். வண்டியில் போய் எண்ணவேண்டிய அளவுக்கு ஆள் இல்லை. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. மறுபடி எண்ணினாள். இந்த முறை தன்னை இரண்டு தரம் எண்ணியும் தொண்ணூற்றைந்துக்கு மேல் போகவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது.

"பெல்மரோடயா!" வெர்ஜிலுக்கு மூச்சு வாங்கியது. "ஊருக்குள்ள ஒரு சிக்னல் விளக்கு வச்சிட்டானுங்க, அதுலேருந்து தலைகால் புரியல அவனுங்களுக்கு. அவன் கிட்டப் போய் நான் கை கட்டி நிக்கணுமா? என்ன வேணா பண்ணு டார்லீன், நானூறு கொண்டா."

"நான் எங்கேருந்து கொண்டு வர?"

"எனக்குத் தொள்ளாயிரம் மாடு இருக்கு," என்றார் வெர்ஜில். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

"மாடு கணக்குல வராது வெர்ஜில்."

"ஏன் வராது? நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரைவிட அதுங்க ஒழுங்கா சர்ச் வாசலைத் தாண்டிப் போகுதுங்க."

அன்று நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: ஏப்ரல் முதல் தேதிவரை கவுண்டியில் யாரும் இறக்கக் கூடாது. இரண்டு: மே மாதம் பிள்ளை பெறவிருக்கும் ஷெல்லி க்ரோனிடம், நாட்டு நலன் கருதி அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த இயலுமா என்று மரியாதையாகக் கேட்பது. மூன்று: வெளியூர் போன பிள்ளைகளைத் திரும்ப அழைப்பது. நான்கு: மேற்கண்ட மூன்றையும் டார்லீன் செய்வது.

ஷெல்லி க்ரோன் கதவைச் சாத்திக்கொண்டாள். ட்ராவிஸ் தொலைபேசியில் சிரித்தான்.

"கோடைக்கு வரேம்மா."

"கோடை வேணாம்டா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி இங்க இருந்தாப் போதும்."

"அது முட்டாள்கள் தினம்."

"தெரியும். இங்க எல்லாரும் இருப்போம்."

"அம்மா, நான் இங்கதான் குடியிருக்கேன். எங்க குடியிருக்கோமோ அங்கதானே எண்ணணும்? நீதானே சின்ன வயசுல சொல்லுவ, பொய்க் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு."

முதல் தீர்மானத்தையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால், அதை மீறியவர் லோவெல் ஹாக்கின் சொந்த அப்பா ஆர்வில். தொண்ணூற்றுநான்கு வயது. மார்ச் பத்தாம் தேதி நெஞ்சு அடைத்தது. பெல்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பெல்மர்ல சாக மாட்டேன்," என்றார். சொன்ன சொல் தவறவில்லை. தம் வீட்டில், தம் கட்டிலில், கவுண்டியின் இருபத்திரண்டு ஆண்டுச் சாதனையை முறியடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

செய்தி சொன்னது லோவெல். "அப்பா போயிட்டார் டார்லீன்."

"தொண்ணூற்று மூணு," என்றாள் டார்லீன்.

"இல்ல, தொண்ணூற்று நாலு. போன மாசம்தான் பிறந்தநாள் வந்துச்சு."

அவள் சொன்னது அவருடைய வயதை அல்ல. லோவெலுக்கு அது புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது. சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிக் கண்காட்சி காட்டிய மனிதர் இறந்திருக்கிறார். தன் வாயில் வந்தது கழித்தல் கணக்கு. தொலைபேசியை வைத்தாள். அன்று எந்தப் பதவியிலிருந்தும் எந்தப் பதவிக்கும் கடிதம் போகவில்லை.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லோரும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஆணையர்கள் மூவரும் ஒரு மூலையில் கூடினார்கள். ஏழு தலை குறைகிறது. இருபது நாள்கூட இல்லை. அப்போது வரலாற்றில் இடம்பெற வேண்டிய அந்த நிகழ்ச்சி நடந்தது. ட்வெய்ன் ப்ரூஷா ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"முட்டைப் பண்ணைப் பக்கம் ஆளுங்க இருக்காங்களே?"

வெர்ஜிலின் முள்கரண்டி நின்றது. "எந்த ஆளுங்க?"

"சக்கரம் வச்ச ட்ரெய்லர் வீட்டுல இருக்காங்களே. தினம் வேலைக்குப் போறாங்க. பிள்ளைங்க எல்லாம் நடந்து போகும், நான் ட்ராக்டர்ல போறப்பப் பாத்திருக்கேன்."

"அவங்க ஆளுங்க இல்லையே, வேலைக்காரங்க," என்றார் வெர்ஜில். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். "எத்தனை இருக்கும்?"

எத்தனை என்று டார்லீனுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அறுபத்திரண்டு பெயர் இருந்தது. பள்ளிப் பேருந்து வேண்டும், மழைக்குப் பின் சாலையைச் செப்பனிட வேண்டும் என்று அந்த அறுபத்திரண்டு பேரும் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். தெற்கு எல்லையில் கிடந்த அந்த ட்ரெய்லர்களைக் குடியிருப்பு என்று ஒப்புக்கொண்டால் பேருந்து விடவேண்டும், பனி வாரவேண்டும். அதனால் அவை 'தற்காலிகத் தங்கல்' என்று மன்றம் முடிவுசெய்தது. குடியிருப்பு அதிகாரி அதை ஒரு கடிதமாக எழுதி, முகவரிப் பட்டியலிலிருந்தும் அவர்களை நீக்கினாள். கணக்கெடுப்புப் படிவம் அந்தப் பட்டியல்படிதான் வரும். அன்றிலிருந்து எல்லையில் இருந்தவர்கள் இல்லை.

"நீ போய்ப் பேசு டார்லீன்," என்றார் வெர்ஜில். "உனக்குத்தான் அவங்களைத் தெரியும்."

அவள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

மறுநாள் போனாள். மூன்று நாளாக மழை. தார்ச்சாலை முடிந்து முந்நூறு அடி தாண்டியதும், கவுண்டியின் வரைபடத்தில் இல்லாத ஒரு சாலையில் கவுண்டியின் வண்டி சேற்றில் அச்சுவரை இறங்கியது. டார்லீன் இறங்கினாள், அவளும் கணுக்கால்வரை இறங்கினாள். ஒரு காலணி அங்கேயே தங்கிவிட்டது. தற்காலிகமாக அல்ல.

நான்கு பேர் வந்து வண்டியைத் தள்ளினார்கள். ஒரு பெண் வந்து சேற்றில் கையை விட்டுக் காலணியைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் போகவே, தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். நாற்பது வயது இருக்கும். கட்டை குட்டையான உருவம், இரட்டைப் பின்னல்.

"உள்ள வாங்க. யாரு நீங்க?"

"கவுண்டி அலுவலகத்திலேருந்து வரேன். டார்லீன் கொபெக்கி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அட, தெரியுமே! உங்க கையெழுத்து எங்க வீட்ல இருக்கு."

அவள் பெயர் எவுலாலியா பல்தசார். குவாதமாலா மலைநாட்டிலிருந்து வந்து, பதினோரு வருடமாக முட்டைப் பண்ணையில் விளக்கு வெளிச்சத்தில் முட்டை பார்க்கிற வேலை. நாளைக்கு நாற்பதாயிரம் முட்டை. விரிசல் விட்டதை எடுத்துத் தனியே போடவேண்டும். அந்தக் கண்ணோடுதான் இப்போது டார்லீனையும் பார்த்தாள். ட்ரெய்லருக்குள் சூடாக மக்காச்சோள மாவின் வாசனை. மேசையின்மேல் காப்பி வைத்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்த கடிதத்தை வைத்தாள்.

"'தாங்கள் குறிப்பிடும் இடத்தில் எவரும் குடியிருக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்'," என்று எவுலாலியா மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, தன் ஊர் மரியாதைப்படி அழைத்தாள். "ரொம்ப அழகான கடிதாசி தோன்யா டார்லீன். இந்த நாட்டுல எங்களுக்குப் 'பணிவுடன்' வந்த கடிதாசி இது ஒண்ணுதான். ஒரே ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க யாரும் இல்லைன்னா, இத யாருக்கு அனுப்பினீங்க?"

முப்பத்தோரு வருடத்தில் டார்லீனின் கடிதத்தில் யாரும் பிழை கண்டுபிடித்ததில்லை. அவள் காப்பியைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது.

"இப்ப... கணக்கெடுப்பு வருது. உங்க எல்லாரையும் பட்டியல்ல சேக்கலாம்னு..."

"சட்டம் மாறிடுச்சா?"

"இல்ல."

"நாங்க மாறிட்டோமா?"

"இல்ல."

"அப்ப என்னதான் மாறிச்சு?"

இந்த இடத்தில் ஓர் அரசு அதிகாரி சொல்லவேண்டிய பதில்கள் பதினைந்து இருந்தன. டார்லீன் பதினாறாவதைச் சொன்னாள். "எங்களுக்கு ஏழு பேர் குறையுது."

எவுலாலியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு அடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றவர்களுக்குத் தங்கள் மொழியில் திருப்பிச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள்.

"ஏழு போதுமா? நாங்க அறுபத்தேழு பேர் இருக்கோம். மிச்ச அறுபது பேர என்ன பண்ணுவீங்க, திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

"எல்லாரும் வேணும்," என்றாள் டார்லீன். முதலில் அது கணக்குக்காகத்தான் வந்தது. வாயிலிருந்து வெளியே போனபின் அவளுக்கே வேறுமாதிரிக் கேட்டது.

எவுலாலியா சிரிப்பை நிறுத்தினாள். "எங்க ஆளுங்க பயப்படுவாங்க. பேரு எழுதற காகிதம்னாலே பயம். எல்லார்கிட்டயும் நான் பேசறேன். ஆனா முதல்ல பஸ்ஸு வரணும். பிள்ளைங்க ரெண்டு மைல் இந்தச் சேத்துல நடந்து போய் ரோட்டு முனையில நிக்குது. ஜனவரில என் சின்னவளுக்குக் காது மடல் பனியில செத்துப்போச்சு. பஸ்ஸு வரட்டும். ஏறிப் போன பிள்ளைங்க திரும்பி வரட்டும். அப்புறம் நாங்க இங்க இருக்கோம்னு எழுதித் தரோம்."

டார்லீன் ரப்பர் செருப்போடு அலுவலகம் திரும்பினாள். செயலர் மேசையில் உட்கார்ந்து, குடியிருப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள்: 'தாங்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் பொய் என்று தெரியவருகிறது. விளக்கம் தேவை.' முத்திரை குத்தினாள். காலால் உந்தினாள். குடியிருப்பு அதிகாரி உறையைக் கிழித்துப் படித்தாள். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் பதில் எழுதுகிறவளுக்கு அன்று பிற்பகல் முழுவதும் பிடித்தது. கடைசியில் எழுதிய பதில் ஒரே வரி: 'எழுதும்போதே எனக்குத் தெரியும்.'

அந்தக் கடிதத்தை அவள் கோப்பில் சேர்த்தாள். கோப்பு எண்கூடப் போட்டாள். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

ட்ரெய்லர்களைக் குடியிருப்பு என்று ஒப்புக்கொள்ளும் புதுத் தீர்மானத்துக்கு மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. கூட்டத்தில் வெர்ஜில் காகிதத்தை மேலும் கீழும் புரட்டினார்.

"ரோட்டுக்குப் பேர் வைக்கணுமா? ரோடுன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் நாமதானே சேறு அள்ளணும்?"

"ஆமா."

"பஸ்ஸு?"

"திங்கக்கிழமையிலேருந்து. அது வராம அவங்க எழுதித் தரமாட்டாங்க."

"இது மிரட்டல்! நம்ம கவுண்டில உக்காந்துகிட்டு நம்மளையே..."

"அவங்க நம்ம கவுண்டிலதான் உக்காந்திருக்காங்கன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. நடவடிக்கைக் குறிப்புல எழுதிக்கறேன்," என்று டார்லீன் எழுதிக்கொண்டாள். "ரெண்டே வழிதான் வெர்ஜில். சேறு அள்ளறதா, பெல்மரோட சேர்றதா. சொல்லுங்க."

லோவெல் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனபின் அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். "எங்கப்பா பெல்மருக்குப் போகமாட்டேன்னு உயிரையே விட்டார்," என்றார். "நாம கொஞ்சம் சேத்தைத் தொட்டாத் தப்பில்ல."

"வழிமொழிகிறேன்," என்றார் ட்வெய்ன், பேனாவை முதல் ஆளாக எடுத்தபடி.

திங்கட்கிழமை காலை மஞ்சள் பேருந்து முட்டைப் பண்ணைச் சாலையில் இறங்கியது. சரளைக்கல் கொட்டிய வாசனைகூடப் போகவில்லை. டார்லீன் வண்டியைத் தள்ளி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது பிள்ளைகள். ஓட்டுநர் கதவைத் திறந்தபோது ஒருவரும் ஏறவில்லை. தவறான பேருந்து என்று நினைத்துவிட்டார்கள். ஓட்டுநர் "ஏறுங்கம்மா, உங்களுக்குத்தான்" என்று இரண்டு தரம் சொன்னபிறகு, காதில் கம்பளித் துணி சுற்றிய ஒரு சின்னப் பெண் முதல் படியில் கால் வைத்தாள். மாலை பத்தொன்பதும் திரும்பி வந்தன. ஏப்ரல் முதல் தேதி அறுபத்தேழு பெயர்களோடு படிவங்கள் வந்து சேர்ந்தன. ஒரு பெயருக்கும் எழுத்துப் பிழை இல்லை. டார்லீன் எடுத்துக்கொண்டு போன புதுச் செருப்பை மட்டும் எவுலாலியா வாங்கிக்கொள்ளவில்லை. "பழசையே குடுங்க. பழகினது," என்றாள்.

அந்த வருடக் கடைசியில் முடிவு வந்தது. டாலிவர் கவுண்டி: நானூற்று அறுபது. நூறு ஆண்டுகளில் முதன்முறையாக வளர்ச்சி. பெல்மர் கவுண்டியில் ஐம்பது பேர் குறைந்திருந்தார்கள் என்று கேட்டு வெர்ஜில் அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் டார்லீனிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"எண்ணி முடிச்சாச்சு இல்ல? இனி பத்து வருஷத்துக்கு யாரும் எண்ணப்போறதில்ல. பஸ்ஸ நிறுத்திடலாமா?"

"நிறுத்தலாமே. நிறுத்தின அன்னிக்கே தலைநகருக்கு எழுதணும், அறுபத்தேழு பேரைத் தப்பா எண்ணிட்டோம்னு."

"யாரு எழுதணும்?"

"குடியிருப்பு அதிகாரி."

"அது நீதானே?"

"ஆமா. ஆனா அவகிட்டப் பேச முடியாது வெர்ஜில். இப்பல்லாம் ரொம்பக் கறாரா ஆயிட்டா."

பேருந்து ஓடிக்கொண்டிருந்தது.

விழா மறுவருடம் ஜூன் மாதம், அலுவலகப் புல்வெளியில். நூல் வெளியாயிற்று. கொடி, வாத்தியம், வறுத்த பன்றி, ஒரு பக்கம் எவுலாலியாவின் ஆட்கள் கொண்டுவந்து வைத்த தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை. பன்றிக்கு முன்னால் தமாலே தீர்ந்தது, அதுவும் வரலாறுதான். வெர்ஜில் மேடையேறி நாற்பது நிமிடம் பேசினார். இந்த மாபெரும் வளர்ச்சிக்குக் காரணம் நம் முன்னோர்களின் உழைப்பு, நம் காற்று, நம் தண்ணீர், நம் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும் பண்பு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டார்லீனும் தட்டினாள், பாதியில் நிறுத்தினாள்.

தலைநகரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி வந்திருந்தாள். கிராமப்புறம் எல்லாம் காலியாகிக்கொண்டிருக்கும்போது இந்த ஒரு கவுண்டி மட்டும் எப்படி வளர்ந்தது என்று எழுதவேண்டுமாம். வெர்ஜில் அவளை முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், தட்டோடு நின்றிருந்த எவுலாலியாவின் முன்னால் நிறுத்தினார்.

"இவங்கதான் நம்ம புதுக் குடும்பங்க. நம்ம கவுண்டியத் தேடி அவ்ளோ தூரத்திலேருந்து புதுசா வந்திருக்காங்க!"

பத்திரிகைக்காரி பேனாவைத் திறந்தாள். "நீங்க டாலிவர் கவுண்டிக்கு எப்ப வந்தீங்கம்மா?"

எவுலாலியா வெர்ஜிலைப் பார்த்தாள், டார்லீனைப் பார்த்தாள். விரிசல் விட்ட முட்டையை எடுத்து ஓரமாக வைப்பதுபோல, நிதானமாக, யாருக்கும் நோகாமல் சொன்னாள்.

"நாங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. கவுண்டிதான் எங்ககிட்ட வந்து ஒரு வருஷம் ஆகுது."